கொடி விழும்வரை ஆடுவதா, டிரா கொடுத்துவிட்டு எழுவதா?

டிசம்பர் நெருங்கினால் குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் விழா நோட்டீஸ் வந்துவிடும். முதலில் கிறிஸ்துமஸ், பின்னாலேயே பொங்கல் விளையாட்டு விழா. கயிறு இழுத்தல், மியூசிக்கல் சேர், கோலப்போட்டி என்று போகும் பட்டியலில் இப்போதெல்லாம் செஸ்ஸுக்கும் ஒரு வரி இருக்கிறது. வயதுப் பிரிவு, பரிசுத்தொகை எல்லாம் போட்டிருப்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் என்பது மட்டும் பல நோட்டீஸ்களில் இருக்காது. தகராறு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நாகர்கோவிலில் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் கல்லூரிப் பையன் ஒருவன் ஒருநாள் கோப்பையோடு வந்தான். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஐந்து நிமிட ஆட்டமாம். இரண்டு பேரிடமும் ஒவ்வொரு யானை. எதிராளிக்கு இரண்டு சிப்பாய் கூடுதல். பலகையில் ஆட்டம் எதிராளியுடையது. ஆனால் அவருடைய கிளாக்கில் 9 விநாடி, இவனிடம் 31. இவன் யானையை வைத்து இந்தப் பக்கமிருந்து ஒரு செக், அந்தப் பக்கமிருந்து ஒரு செக் என்று கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒன்பது விநாடியும் கரைந்து, நேரக் கணக்கில் இவன் ஜெயித்துவிட்டான். எதிராளி கைகொடுக்காமல் எழுந்து போய்விட்டார். ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இதெல்லாம் ஒரு ஜெயமாடே?" என்றாராம்.

"சாரே, நான் செஞ்சது தப்பா?"

அதே வாரம் திங்கள்நகர் பக்கத்து இளைஞர் மன்றத்திலிருந்து ஒரு போன். "அண்ணே, போன வருஷம் டைம் தகராறுல பரிசளிப்பே லேட்டாயிப் போச்சு. இந்த வருஷம் எத்தனை நிமிஷம் வைக்கலாம்?"

எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் பட்டது. ஒருவன் ஆடி முடித்துவிட்டுக் கேட்கிறான், மற்றவர் நோட்டீஸ் அடிக்கும் முன்பே கேட்கிறார். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பாதிச் சண்டை விதி தெரியாததால் வருவது. அடுத்தது, பலகையில் நன்றாக ஆடியவருக்கு அதற்கான பலன் கிடைக்கிறதா என்பது. மூன்றாவது, மறுநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருவரும் எதிரெதிரே வந்தால் முகம் பார்த்துப் பேச முடியுமா. கடைசியாகச் செலவு: நேரம், கிளாக், மேற்பார்வைக்கு ஆள். ஆடுபவருக்கு முதல் மூன்று போதும். நடத்துபவருக்கு நான்காவதுதான் தலைவலி.

கொடி விழுந்தால் எப்போதும் தோல்வியா?

பழைய முள் கிளாக்கில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி இருக்கும். நிமிட முள் பன்னிரண்டை நெருங்கும்போது அதைத் தூக்கும். தாண்டியதும் கொடி விழும். இப்போது டிஜிட்டல் கிளாக்கில் வெறும் பூஜ்யம்தான், ஆனாலும் "ஃப்ளாக் விழுந்தாச்சு" என்றுதான் சொல்கிறோம்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி நேரம் முடிந்தவர் தோற்றார். இதற்கு ஒரு விலக்கு உண்டு. எதிராளியிடம் மீதி இருக்கும் காய்களை வைத்து, எவ்வளவு முட்டாள்தனமாக ஆடினாலும்கூட மேட் (ராஜா தப்ப வழியே இல்லாத செக்) வரவே வழியில்லை என்றால் ஆட்டம் டிரா (சமன்). அதாவது என்னிடம் ராஜா மட்டும், உங்களிடம் ராணியும் ராஜாவும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நேரம் முடிந்தால் எனக்கு அரைப் புள்ளிதான். என்னிடம் ஒரே ஒரு சிப்பாய் மிச்சமிருந்தால் முழுப் புள்ளி, ஏனென்றால் அந்தச் சிப்பாய் ராணியாகலாம்.

இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஜெயிக்கிற ஆட்டத்தில் 8 விநாடிதான் இருக்கிறதென்றால் மேட் தேடி ஓடாதீர்கள். எதிராளியிடம் ராஜா தவிர மிச்சமிருக்கும் கடைசிச் சிப்பாயை முதலில் வெட்டுங்கள். அதற்குப் பிறகு கொடி விழுந்தாலும் நீங்கள் தோற்க மாட்டீர்கள். என் மாணவனின் எதிராளிக்கு இது கைகொடுத்திருக்காது, யானை உயிரோடு இருந்தது. ஆனால் நான் பார்த்த பல அழுகைகளை இந்த ஒரு பழக்கம் தடுத்திருக்கும்.

விதியின் நுணுக்கம் பெரிய மேடையிலேயே குழப்பியிருக்கிறது. 2008இல் ரஷ்யாவின் நால்சிக்கில் நடந்த பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப்பில் மோனிகா சோச்கோவும் சபினா ஃபொய்சோரும் சமநிலையை முறிக்க ஆடிய கடைசி டைபிரேக் ஆட்டம். இருவரிடமும் ஒரு ராஜா, ஒரு குதிரை. ஃபொய்சோரின் நேரம் முடிந்தது. நடுவர் முதலில் டிரா என்றார். சோச்கோ மேல்முறையீடு செய்தார். ராஜா மூலையில் நின்று, சொந்தக் குதிரையே அதன் வழியை அடைத்தால் மேட் சாத்தியம்தான் என்பதால் வெற்றி அவருக்குப் போனது. அப்படி ஒரு மேட்டை யாரும் வேண்டுமென்று வாங்கிக்கொள்ளப் போவதில்லை, ஆனாலும் விதி "சாத்தியமா" என்று மட்டும்தான் கேட்கிறது.

இணையத்தில் ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. லிசெஸ் தளம் ஃபிடே வழியில் போகிறது. செஸ் டாட் காமில் உங்களிடம் ஒற்றைக் குதிரையோ ஒற்றை பிஷப்போ மட்டும் இருந்தால், எதிராளியின் நேரம் முடிந்தாலும் டிராதான். அங்கே பழகிவிட்டு இங்கே வந்து வாதாடக் கூடாது.

## ஆடுபவருக்கு

முதல் வழி: கொடி விழும்வரை ஆடுவது

என் கட்சி இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஐந்து நிமிட ஆட்டத்தில் நேரமும் ஒரு காய். எதிராளி தன் ஐந்து நிமிடத்தில் அதிகத்தைச் செலவழித்துத்தான் அந்த இரண்டு சிப்பாய்களை வாங்கினார். நீங்கள் சிப்பாயைக் கொடுத்து விநாடியை மிச்சம் பிடித்தீர்கள். தோவாளைச் சந்தையில் மல்லிகைக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போதே பூ வாடிக்கொண்டிருக்கும். பேரத்தை இழுத்துவிட்டுப் பூ வாடிவிட்டதென்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. செஸ் போட்டிகளில் கிளாக் நுழைந்ததும் இதற்காகவே; 1883இல் லண்டனில் முதன்முதலாக இரட்டைக் கிளாக்கை வைத்தபோது, உட்கார்ந்தே எதிராளியைக் களைப்படைய வைக்கும் வேலைக்கு முடிவு கட்டினார்கள்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நேரத்தில் ஜெயித்துப் பழகிய பிள்ளைக்கு எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டம், வளராது. யானை எண்ட்கேமில் எங்கே நிற்க வேண்டும் என்று கற்பதற்குப் பதில் எப்படி வேகமாகக் காயைத் தள்ளுவது என்று கற்றுக்கொள்வான். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் உட்காரும்போது அது பல்லிளிக்கும்.

எப்போது இதுவே சரி: பரிசோ புள்ளியோ இருக்கும் போட்டி, நேரம் முன்பே அறிவிக்கப்பட்டது, உங்கள் நிலையிலும் ஏதாவது ஒரு மிரட்டல் இருக்கிறது. அணிப் போட்டியென்றால் இன்னும் கண்டிப்பு. உங்கள் பெருந்தன்மையின் விலையை மற்ற மூன்று பேர் கட்டக் கூடாது.

இரண்டாவது வழி: டிரா கேட்பது

கேட்க அழகாக இருக்கும். யானைக்கு யானை, சிப்பாய் ஒன்றுமில்லை, இருவருக்கும் பத்து விநாடி என்றால் நானே டிரா கேட்பேன். யாருடைய விரல் வேகம் என்பதைத் தவிர அங்கே முடிவு செய்ய எதுவும் மிச்சமில்லை.

ஆனால் கேட்கும் முறை முக்கியம். காயை நகர்த்திவிட்டு, டிரா என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு, கிளாக்கை அமுக்க வேண்டும். எதிராளியிடம் 4 விநாடி இருக்கும்போது "டிராவா? டிராவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் அதைக் காதில் வாங்கி, புரிந்துகொண்டு, தலையாட்டுவதற்குள் இரண்டு விநாடி அவருடைய கிளாக்கில் போய்விடும். தொடர்ந்து டிரா கேட்டு எதிராளியைத் தொந்தரவு செய்வதை விதியும் தடுக்கிறது. பெருந்தன்மையின் வேஷத்தில் இது ஒரு தந்திரம்.

இன்னொன்று. தோற்கிற நிலையில் இருப்பவர் "போகட்டும், டிரா வைத்துக்கொள்ளலாம்" என்று கேட்பதும் பெருந்தன்மையில் சேராது. அரைப் புள்ளியை இலவசமாகக் கேட்கிறார், அவ்வளவுதான். என் மாணவன் அந்த யானை ஆட்டத்தில் டிரா கேட்டிருந்தால், இரண்டு சிப்பாய் கூட வைத்திருப்பவருக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது வழி: விட்டுக்கொடுப்பது

வீட்டுத் திண்ணையில், நண்பர்களுக்குள், சின்னப் பிள்ளையோடு ஆடும்போது கிளாக்கை நிறுத்திவிட்டு, "நேரம் கிடக்கட்டும், முடி மக்கா, பார்ப்போம்" என்று சொல்வதில் ஒரு சுகம் உண்டு. லிசெஸ்ஸில் எதிராளிக்கு 15 விநாடி கூட்டிக்கொடுக்க ஒரு பொத்தானே இருக்கிறது. பழகும் ஆட்டத்தில் தாராளமாக அமுக்குங்கள்.

போட்டியில் வேண்டாம். நீங்கள் விட்டுக்கொடுத்த புள்ளி அந்த இருவரோடு நிற்பதில்லை. நான்காம் இடத்தில் இருப்பவர் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்படுவார், அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

கை ஒழுங்கு

நேரத்தில் ஜெயித்தவரைத் திட்டுகிறவர்கள் உண்மையில் திட்ட வேண்டியது இதைத்தான். காய் நகர்த்திய கையாலேயே கிளாக்கை அமுக்க வேண்டும். வலது கையால் நகர்த்தி இடது கையைக் கிளாக் மேலேயே வைத்திருப்பது கள்ளத்தனம். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றும் கேஸ்லிங்குக்கோ, வெட்டுவதற்கோ இரண்டு கையைப் பயன்படுத்திவிட்டுக் கிளாக்கை அமுக்கினால் அது செல்லாத நகர்த்தலாகவே கணக்கு. பிளிட்ஸில், அதாவது இந்த ஐந்து நிமிட ஆட்டம் போன்ற அதிவேக ஆட்டத்தில், முதல் செல்லாத நகர்த்தலுக்கு எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடும், இரண்டாவதில் ஆட்டமே போகும். காயைத் தட்டிவிட்டால் உங்கள் நேரத்திலேயே நிமிர்த்தி வைக்க வேண்டும். உருண்டு கிடக்கும் குதிரையை எதிராளி தலையில் கட்டிவிட்டுக் கிளாக்கை அமுக்கக் கூடாது. கிளாக்கை ஓங்கி அடிப்பதும் கூடாது.

வேடிக்கை பார்ப்பவர்கள் "தம்பி, டைம் போச்சு!" என்று கத்துவதுதான் நம் ஊர்ப் போட்டிகளின் பெரிய வியாதி. ஏதாவது தவறு கண்ணில் பட்டால் நடுவரிடம் மட்டும் சொல்லலாம். அந்தப் பெரியவர் தன் கருத்தைச் சாயா குடிக்கும்போது சொல்லியிருக்கலாம்.

என் இருபதுகளில் ஓர் ஆட்டம் தோற்றேன். என்னிடம் ஒரு ராணி கூடுதல், எதிராளியிடம் ஒரு சிப்பாய். நாலு நகர்த்தலில் மேட் இருப்பதைக் கண்டுபிடித்து அதை ரசித்துக்கொண்டிருந்தபோது கொடி விழுந்தது. ஜெயித்தவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒரு மாதம் அந்த வழியே போகவில்லை. அப்புறம் ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்த்தால், ஒன்பதாவது நகர்த்தலில் எந்த பிஷப்பை வெளியே எடுப்பது என்று இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். எதை எடுத்தாலும் ஒன்றுதான். அந்த இரண்டு நிமிடத்தை அவர் என்னிடமிருந்து திருடவில்லை.

## நடத்துபவருக்கு

கைகொடுக்காமல் எழுந்து போன அந்த எதிராளிக்கு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடியிருந்தால் ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருக்கும். செக்குக்கு ராஜாவை நகர்த்த ஒரு விநாடி போதும். நேரம் குறையாமல் மெல்ல ஏறும். இப்படி நேரம் கூட்டும் இன்க்ரிமென்ட், முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷரின் யோசனை. 1988இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1992இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி ஆடியபோது அந்த மாதிரிக் கிளாக்கையே வைத்தார். இன்று உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே 3 நிமிடமும் நகர்த்தலுக்கு 2 விநாடியுமாகத்தான் நடக்கிறது. இதைச் சுருக்கமாக 3+2 என்று எழுதுவார்கள்.

| | 5+0 | 3+2 | 15+0, நடுவரிடம் டிரா கேட்கலாம் | 10+5 |
|---|---|---|---|---|
| 60 நகர்த்தல் ஆட்டம் அதிகபட்சம் | 10 நிமிடம் | 10 நிமிடம் | 30 நிமிடம் | 30 நிமிடம் |
| 100 நகர்த்தல் போனால் | அதே 10 | 12 நிமிடம் 40 விநாடி | அதே 30 | 36 நிமிடம் 40 விநாடி |
| முள் கிளாக் போதுமா | போதும் | போதாது | போதும் | போதாது |
| ஜெயிக்கும் நிலை கைநழுவுமா | அடிக்கடி | குறைவு | நடுவரைப் பொறுத்தது | மிகக் குறைவு |
| தகராறு | அதிகம் | குறைவு | நடுவர் தலையில் | குறைவு |

5+0

எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லலாம். 7 சுற்று, 15 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் 105 நிமிடத்தில் போட்டி முடிந்துவிடும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் பிள்ளைகளை இருட்டும் முன் பஸ் ஏற்றி அனுப்ப வேண்டிய மன்றங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பழைய முள் கிளாக்கும் போதும்.

மறைமுகச் செலவு, கடைசி இருபது விநாடியின் களேபரம். காய் உருளும், கை மோதும், பிளிட்ஸ் என்பதால் "இவர் ஜெயிக்க முயற்சியே செய்யவில்லை" என்று நடுவரிடம் டிரா கேட்கவும் வழியில்லை. இதை வைப்பவர்கள் போட்டி தொடங்கும் முன் எல்லோரையும் கூட்டி, கொடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு யார் அழுதாலும் அது அவர் பாடு.

3+2

என் தேர்வு இதுதான். அறுபது நகர்த்தல் ஆட்டத்தில் மொத்த நேரம் 5+0க்குச் சமம், ஆனால் அந்த நேரம் கடைசியிலும் கொஞ்சம் கிடைக்கிறது. யானை எண்ட்கேம் தெரிந்தவர் அதைக் காட்ட முடியும். ஒரு சில ஆட்டம் மட்டும் நீளும், எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள், அடுத்த சுற்று தள்ளிப்போகும். அதனால் இடைவெளியை 20 நிமிடமாக வைத்தால் 7 சுற்றுக்கு 140 நிமிடம். 35 நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

உண்மையான செலவு கிளாக். 32 பேர் என்றால் 16 டிஜிட்டல் கிளாக் வேண்டும். ஆளுக்கொரு செல்போன் இருக்கிறதே என்பார்கள். செல்போன் கிளாக்கில் விரல் பட்டும் படாமல் போகும், நடுவில் அழைப்பு வரும், வெயிலில் திரை தெரியாது. வேறு வழியில்லாவிட்டால் வைக்கலாம். கடைசிச் சுற்றிலும் முதல் இரண்டு போர்டிலும் மட்டும் வேண்டாம்.

15+0, நடுவர் தீர்ப்போடு

இன்க்ரிமென்ட் இல்லாத, பிளிட்ஸைவிடக் கொஞ்சம் நீளமான ரேபிட் ஆட்டத்துக்கு ஃபிடே விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பில் ஒரு வழி உண்டு. முன்கூட்டியே அறிவித்திருந்தால், இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நேரம் உள்ளவர் கொடி விழும் முன் நடுவரிடம் போய், எதிராளி சாதாரண முறையில் ஜெயிக்க முடியாது, அல்லது முயலவில்லை என்று சொல்லி டிரா கேட்கலாம். காகிதத்தில் நியாயமான ஏற்பாடு.

நம் ஊரில் நடுவராக நிற்பவர் யார்? என்னைப் போல ஒரு கோச். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் என் மாணவனாக இருப்பான். நான் எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் ஒரு குடும்பம் அடுத்த பொங்கல் வரை என்னோடு பேசாது. வெளியூரிலிருந்து தகுதியுள்ள ஆர்பிட்டரைக் கூப்பிட முடிந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

10+5

ஆட்கள் குறைவு, நாள் முழுக்க இடம் இருக்கிறது என்றால் இதைப்போல சுகம் வேறில்லை. 40 நிமிட இடைவெளியில் 5 சுற்று, மூன்று மணி இருபது நிமிடம். அதற்கு மேல் சுற்று வைத்தால் பரிசளிப்புக்கு வரும் விருந்தினர் கிளம்பிவிடுவார்.

இதையெல்லாம் சொன்னதும் மன்றத்துக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவரிடம் டிஜிட்டல் கிளாக் ஒன்பதுதான் இருந்தது, பேட்டரி வேறு எப்போது மாற்றியதோ. பெரியவர்கள் பிரிவை 18 பேரோடு நிறுத்திக்கொண்டு 3+2 வைப்பது, பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கிளாக் இல்லாமல் தொடங்கவிட்டு, இருபது நிமிடத்தில் முடியாத போர்டுகளில் மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிடம் முள் கிளாக்கில் வைப்பது என்று முடிவானது.

"சரி அண்ணே, அப்போ நோட்டீஸ்ல என்ன போட?"

"பெரியவர் பிரிவு: 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 விநாடி. நேரம் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. காய் நகர்த்திய கையாலேயே கிளாக்கை அமுக்க வேண்டும். பார்வையாளர்கள் பேசக் கூடாது. இவ்வளவு போடுங்க. பேச்சு வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல."